15 பேர், 3 லேன், 2 மணி நேரம்

கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களில் 15 பேர் இன்னும் சென்னையில்தான் இருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை ஏதேனும் ஓர் உணவகத்தில் கூடி, சாப்பிட்டு, பழைய கதைகளையே மறுபடி பேசிக் கலைவது வழக்கம். இந்த ஆண்டு அதற்குப் பதிலாக ஒரு பௌலிங் போட்டி வைக்கலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். உடனே ஒருவர், "டென்னிஸ் பந்தா, கார்க் பந்தா?" என்று கேட்டார். பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் விளையாட்டு என்று விளக்கியதும், அது மாலில் குழந்தைகளுக்காக வைத்திருப்பதுதானே என்றார் இன்னொருவர். 1978-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே அது இடம்பெற்றது என்றும், 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியிலும் இருந்தது என்றும் நான் பதில் எழுதினேன். அவ்வளவு தெரிந்தவனே ஏற்பாட்டையும் செய்யட்டும் என்று முடிவாகிவிட்டது.

இரண்டு இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓரிடத்தில் ஆளுக்கு ஓர் ஆட்டம் என்று கட்டணம். மற்றோரிடத்தில் லேன் (பந்தை உருட்டும் தடம்) ஒன்றுக்கு மணிக்கணக்கில் கட்டணம். தாளில் கூட்டிப் பார்த்தபோது இரண்டாவதே மலிவாக இருந்ததால், ஞாயிறு காலையில் மூன்று லேன்களை இரண்டு மணி நேரத்துக்குப் பதிவு செய்தேன். லேனுக்கு ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு ஆட்டம் என்பது கணக்கு. புதியவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு மணிக்கணக்குக் கட்டணம் ஏற்றதல்ல என்பது எனக்கு அன்று தெரியாது.

ஹேண்டிகேப் கணக்கில்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். எங்களில் இருவர் அலுவலக நண்பர்களுடன் அவ்வப்போது ஆடுபவர்கள். மற்றவர்களில் பலர் பந்தைத் தொட்டதே இல்லை. திறமைக்கேற்ற சலுகை கொடுக்காவிட்டால் முதல் பத்து நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிடும் என்பதால், அதற்கு முந்தைய வாரம் இரண்டு மாலைகளில் எல்லோரையும் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆட வைத்து, அவரவர் எடுத்த புள்ளியை 160-இலிருந்து கழித்து, மீதியில் 80 விழுக்காட்டைப் போட்டியன்று எடுக்கும் புள்ளியோடு கூட்டிக்கொள்ளும் ஹேண்டிகேப்பாகக் கொடுத்தேன். 142 எடுத்தவருக்கு 14, 64 எடுத்த தோழிக்கு 76 என்று வந்தது. இருவருக்கும் இடையே 78 ஆக இருந்த வித்தியாசம் இதனால் 16 ஆகக் குறைகிறது. நன்றாக ஆடுபவருக்குச் சிறிது முன்னிலை மிஞ்சுகிறது, மற்றவருக்கும் நம்பிக்கை இருக்கிறது. நூறு விழுக்காடும் கொடுத்தால் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள், ஐம்பது கொடுத்தால் புதியவர்கள் வரமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

போட்டியன்று பத்தரை மணிக்கு முதல் பந்து என்று அறிவித்திருந்தேன். பத்து மணிக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள், பாதிப் பேர் செருப்புக் காலோடு. அங்கே தரும் வழுவழுப்பான அடிப்பகுதி கொண்ட ஷூவைக் காலுறை இல்லாமல் போட விடமாட்டார்கள் என்பதை நான் குழுவில் எழுதியிருந்தேன். ஆனால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே அது எங்கோ புதைந்துவிட்டது. கவுன்டரில் காலுறை வாங்கி, அளவு சரியில்லாத ஷூக்களைத் திருப்பிக் கொடுத்து மாற்றி முடிப்பதற்குள் எங்கள் நேரத்தில் 20 நிமிடம் போயிற்று.

பந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு தன்மானப் பிரச்சினை இருந்தது. பந்தில் அதன் எடை பவுண்டில் பொறிக்கப்பட்டிருக்கும், அதிகபட்சம் 16. முதன்முறையாக ஆடுபவர்கள் பத்துப் பவுண்டை ஒட்டி எடுத்துக்கொள்ளுங்கள், கட்டைவிரல் துளையிலிருந்து தடையில்லாமல் வெளியே வர வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் நண்பர் ஒருவர் 14 பவுண்டு பந்தைத் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய கை முன்னே போயிற்று, விரல் உள்ளேயே சிக்கிக்கொண்டது, பிறகு ஒருவழியாக விடுபட்ட பந்து தோளுயரத்திலிருந்து லேனில் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து லேன்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பந்து நிதானமாக உருண்டு மூன்று பின்களைச் சாய்த்தது. அடுத்த முறை அவர் கையில் 10 பவுண்டு பந்து இருந்ததை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

இடையில் இரண்டாவது லேனில் பின்களை அடுக்கும் இயந்திரம் நின்றுபோனது. ஊழியர் ஒருவர் பின்பக்கம் போய்ச் சரிசெய்து வர 10 நிமிடமாயிற்று. முதல் ஆட்டம் முடிந்தபோது மீதமிருந்தது 25 நிமிடம் மட்டுமே. அதிலும் ஐந்து நிமிடம் ஒரு வழக்கை விசாரிப்பதில் கழிந்தது. முந்தைய வாரம் 71 எடுத்து, 71 ஹேண்டிகேப்பும் பெற்றிருந்த நண்பர், அன்று 129 எடுத்து, கூட்டி 200 என்று சிரித்துக்கொண்டு நின்றார். வேண்டுமென்றே போன வாரம் கோட்டை விட்டாய் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் இரண்டு ஆட்டங்களின் சராசரியை வைத்து மறுபடி கணக்கிட்டேன். அவருடைய சராசரி 100, ஹேண்டிகேப் 48, மொத்தம் 177. அப்போதும் அவரே முதலிடம். ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து ஹேண்டிகேப் கொடுத்தது என் தவறு. குறைந்தது மூன்று ஆட்டங்களாவது வேண்டும்.

தனிநபர் ஆட்டம் இன்னொன்றுக்கு நேரமில்லை. வீட்டுக்குப் போகலாமா என்று சிலர் கேட்கத் தொடங்கியபோது, பேக்கர் முறை நினைவுக்கு வந்தது. ஒரே ஆட்டத்தை, அதாவது சாதாரணமாக இரண்டிரண்டு பந்துகள் கொண்ட பத்துச் சுற்றுகளை (ஃபிரேம்), ஐந்து பேர் சேர்ந்து ஆடுவது அது: முதலாமவர் 1, 6-ஆம் ஃபிரேம்களையும், இரண்டாமவர் 2, 7-ஆம் ஃபிரேம்களையும் ஆட, ஐந்தாமவருக்கு 5-உம் 10-உம் வரும். பத்தே ஃபிரேம் என்பதால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கணினியில் ஒவ்வொரு லேனுக்கும் ஒரே ஆட்டக்காரர் என்று பதிந்து, பெயருக்குப் பதில் அணியின் பெயரைப் போட்டோம். முந்தைய வாரத்து எண்ணிக்கையை வரிசைப்படுத்தி, முதல் மூவரை 1, 2, 3-ஆம் அணிகளுக்கும் அடுத்த மூவரை 3, 2, 1-ஆம் அணிகளுக்கும் என்று பாம்பு போல வளைந்து வளைந்து ஆட்களைப் பிரித்ததால் மூன்று அணிகளும் ஏறத்தாழச் சமமாக அமைந்தன, ஹேண்டிகேப் தேவைப்படவில்லை.

யார் எந்த இடத்தில் ஆடுவது என்பதை அணிகளிடமே விட்டேன். கடைசி ஃபிரேமில் ஸ்ட்ரைக்கோ (முதல் பந்திலேயே பத்துப் பின்களும்) ஸ்பேரோ (இரண்டு பந்துகளில் பத்தும்) விழுந்தால் மூன்றாவது பந்து கிடைக்கும் என்பதால் நன்றாக ஆடுபவரைக் கடைசியில் நிறுத்துவதுதான் வழக்கம். மூன்றாவது அணியினர் இதை அறியாமல், கடைசியில் நின்றால் சேதம் குறைவு என்று எண்ணி, 64 எடுத்த தோழியை ஐந்தாவதாக நிறுத்திவிட்டார்கள்.

முதல் அணி 118, இரண்டாம் அணி 97 என்று முடித்துவிட்டார்கள். மூன்றாம் அணி ஒன்பதாவது ஃபிரேமின் முடிவில் 101. வெல்வதற்கு 18 வேண்டும். தோழியின் முதல் பந்தில் ஏழு பின்கள் விழுந்தன. வலது ஓரத்தில் 6, 9, 10 எண்ணுள்ளவை நெருக்கமாக நின்றன. அவர் இரண்டடி இடப்புறம் நகர்ந்து நின்று, குறுக்காக உருட்டினார். பந்து லேனின் ஓரத்துப் பள்ளமான கட்டருக்குள் விழப்போகிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூச்சலைக் கேட்டுத்தான் ஸ்பேர் என்று தெரிந்தது. இனி எட்டுப் பின்கள். மூன்றாவது பந்து நடுவில் நேராகப் போய் ஏழைச் சாய்த்தது. எட்டாவதாக ஒரு பின், வலது மூலையில், இடமும் வலமுமாக ஆடியது. 15 பேரும் அதைக் கையால் தள்ளுவது போல் சாய்ந்தோம். அது ஆடி ஆடி, பிறகு நிமிர்ந்து நின்றுவிட்டது.

118-க்கு 118. சமநிலையானால் என்ன செய்வது என்று நான் விதி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆளுக்கொரு பந்து உருட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் நேரம் முடிந்தது என்று வந்தது. அடுத்த குழுவின் குழந்தைகள் காலுறையோடு வரிசையில் காத்திருந்தார்கள். பரிசாக நான் வாங்கி வைத்திருந்த நான்கடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியரை அணிக்கு இரண்டு அடுக்காகப் பிரித்துக் கொடுத்தோம். பிடியும் மூடியும் என் வீட்டில் இருக்கின்றன.