உப்புக்குப் பழகிய உயிர்கள்

மணலியில் கழிவுநீர் சுத்திகரிப்பு வேலை எனக்கு. தினமும் காலையில் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, கண்ணாடிக் குடுவையில் 30 நிமிடம் அசையாமல் வைப்போம். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களின் திரளான பழுப்புச் சேறு கீழே படிந்து, மேலே தெளிந்தால் நிம்மதி. போன வாரம் தெளியவே இல்லை. அரிசி கழுவிய தண்ணி மாதிரி கலங்கியே நின்றது. உப்பு மிகுந்த கழிவு ஒரே மூச்சில் வந்துவிட்டது. அப்படி வந்தால் சாதாரண பாக்டீரியாவின் உடலிலிருந்து நீர் வெளியேறி, சுருங்கிச் செத்துப்போகும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

ஆனால் உப்பிலேயே வாழ்கிறவையும் உண்டு. ஹாலோமோனாஸ் வகை பாக்டீரியா, எக்டோயின் என்ற பொருளை உடலுக்குள் சேர்த்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைவிடப் பல மடங்கிலும் அது பிழைக்கும். கரிமக் கழிவைத் தின்னும். உலோகத்தை மட்டும் தின்று அழிக்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்த அலையாத்தி வேர்களைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிய கறுப்பு சோப்புக்கும் போகவில்லை. கடலில் எண்ணெய் தின்னும் ஆல்கானிவோராக்ஸ் பாக்டீரியாவுக்குக்கூடக் காற்று வேண்டும். அந்தச் சேற்றுக்குள் காற்று ஏது?

சரி, இப்போது ஒரு சின்ன வாளியில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எங்கள் தொட்டிச் சேற்றைப் பழக்குகிறேன். இன்று காலை, மேலே இரண்டு விரல்கடை தெளிந்திருந்தது.