இளந்தவளைக்கு உயிர் இரை: போட்டுவிட்டுப் போகாதீர்கள்

இளந்தவளை வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை பூச்சி கொடுக்கலாம் என்பதைத்தான். எண்ணிக்கையை நான் இரண்டாவதாகவே வைப்பேன். போட்ட பூச்சிகளில் எவை வயிற்றுக்குள் போயின, எவை தொட்டியிலேயே தங்கின என்று உடனிருந்து பார்ப்பதுதான் முதல் வேலை. பூச்சிகளைக் கொட்டி மூடியைச் சாத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, தவளை நோயுற்ற பிறகுதான் அது சரியாக உண்ணவில்லை என்பதே தெரியவருகிறது.

வால் இன்னும் முழுதாகச் சுருங்காத குட்டிக்கு இரையே வேண்டாம். அந்த நாட்களில் அதன் வாயும் குடலும் தலைப்பிரட்டையின் அமைப்பிலிருந்து மாறிக்கொண்டிருக்கும். வாலில் சேர்ந்திருக்கும் சத்தே உடலுக்குப் போதும். வால் மறைந்தபின், மிகச் சிறிய இனங்களுக்கு ஸ்பிரிங்டெயில்கள் எனும் ஈரமண்ணில் வாழும் நுண்ணிய உயிரிகளும் பறக்க இயலாத பழ ஈக்களும், சற்றுப் பெரியவற்றுக்கு முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த சுவர்க்கோழிக் (கிரிக்கெட் பூச்சி) குஞ்சுகளும் ஏற்றவை.

இரையின் அகலம் தவளையின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் அளவு. அது சரியாக இருக்கிறதா என்பதைத் தவளையின் முகமே காட்டிவிடும். இரை வாய்க்குள் போனதும் இரு கண்களும் தலைக்குள் அமிழ்ந்து எழும். அப்படி உள்ளிறங்கும் விழிகள் இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. பொருத்தமான இரையென்றால் இது விரைவில் முடிந்துவிடும். கண்கள் திரும்பத் திரும்ப அமிழ்ந்துகொண்டே இருந்து, முன்கைகளாலும் வாயோரத்தைத் தள்ளித் திணறினால், அடுத்த முறை இன்னும் சிறிய பூச்சியைத் தேடுங்கள்.

தின்னப்படாமல் எஞ்சும் சுவர்க்கோழிகளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பசித்த சுவர்க்கோழி, அசையாமல் உறங்கும் தவளையின் விரல்களையும் கண்ணோரத்தையும் கடித்துப் புண்ணாக்கக்கூடியது. கடிக்காவிட்டாலும், முதுகில் ஏறி ஊர்ந்துகொண்டே இருந்தால் சிறு தவளை மிரண்டு உண்பதையே நிறுத்திவிடும். ஆகவே இரண்டு மூன்றாக விட்டு, அவை தீர்ந்தபின் மேலும் விட்டு, கால் மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுவது நல்லது. ஸ்பிரிங்டெயில்களுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம். அவை தொட்டியில் பூஞ்சையைத் தின்று வாழ்ந்துகொள்ளும்.

இரையோடு சேர்த்து மண்ணையும் நார்த்தூளையும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. வழவழப்பான ஆழமற்ற கிண்ணத்தில் இரையை வைப்பதோ, உண்ணும் நேரத்துக்கு மட்டும் தவளையை வெறும் பெட்டிக்கு மாற்றுவதோ இதைத் தவிர்க்கும். இடமாற்றத்தில் மிரளும் தவளைக்குக் கிண்ணமே மேல். இடுக்கியால் ஊட்டுபவர்கள் கூர்முனை உலோகத்தை விட்டு, முனை மழுங்கிய மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதைப் பயன்படுத்த வேண்டும். தவளை பாயும் வேகத்தில் தாடை இடுக்கியின் மீதே மோதும்.

சுவர்க்கோழியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். தவளைக்கோ கால்சியம்தான் கூடுதலாக வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் போதும். இந்தக் குறை நீடித்தால் உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். வளரும் பருவத்தில் தாடை மென்மையாவதும், கால்கள் வளைவதும், கைகால் நடுங்குவதும் அதன் அறிகுறிகள். எனவே வைட்டமின் டி3 கலந்த கால்சியம் தூளை ஒரு சிறு டப்பாவில் பூச்சிகளோடு போட்டுக் குலுக்கி, முகத்துக்குப் பவுடர் பூசியதுபோல் மெல்லிய வெண்மை படிந்ததும் உடனே கொடுக்க வேண்டும். தூள் படிந்த சுவர்க்கோழி தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் என்பதால், தாமதித்துப் பிடிபடும் பூச்சியில் தூள் அதிகம் இருக்காது. சிலவாக விட்டு உடனிருந்து பார்ப்பதற்கு இது இன்னொரு காரணம்.

பூச்சிக்கும் ஒரு நாளாவது சத்தான கீரையும் காய்கறியும் கொடுத்து வயிறு நிரப்பியிருக்க வேண்டும். ஆனால் கேரட் தின்ற பூச்சியால் வைட்டமின் ஏ தேவை தீர்ந்துவிடும் என்று நம்பாதீர்கள். பல தவளைகளால் அந்த ஆரஞ்சு நிறச் சத்தைப் போதிய அளவு வைட்டமினாக மாற்றிக்கொள்ள முடிவதில்லை. உடல் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய வைட்டமின் ஏ-யான ரெட்டினால் சேர்ந்த தூளை அவ்வப்போது, அளவோடு கொடுக்க வேண்டும். நாக்கு சரியாக இரையைத் தொட்டும் இரை ஒட்டாமல் நழுவுவது இந்தக் குறையின் அடையாளமாக இருக்கலாம். உடனிருந்து பார்க்காதவர் கண்ணில் இது படவே படாது.

வெளியில் பிடித்த பூச்சிகளில் பூச்சிமருந்தும் ஒட்டுண்ணிகளும் இருக்கக்கூடும். மின்மினியின் நஞ்சு தவளையைக் கொன்றேவிடலாம். உணவுக்கென்றே வளர்த்த பூச்சிகளோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

இளந்தவளைக்கு நாள்தோறும் இரை வேண்டும். ஒருநாள் மறுத்தால் கலங்காமல், முதலில் தொட்டியின் வெப்பத்தைப் பாருங்கள், குளிர்ந்த உடலில் செரிமானம் சரியாக நடக்காது. மறுப்பு நீடித்தாலோ கைகால் நடுக்கம் தெரிந்தாலோ, இரையை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிராமல், தவளைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். கடைசியாக என்ன, எவ்வளவு உண்டது என்பதை அவர் கட்டாயம் கேட்பார்.