வாக்கர் போக வழி வேண்டும்

சென்னை மேற்கு மாம்பலத்தில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்வது என் வேலை. ஆரிய கவுடா ரோடு, லேக் வியூ ரோடு, போஸ்டல் காலனி என்று எல்லாமே எனக்கு நடந்து போகிற தூரம்தான். நான் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். முதலில் கட்டிலில் பயிற்சி, அப்புறம் வாக்கரோடு ஹாலுக்குள், பிறகு மாடிப்படி. அதன் பிறகு நான் சொல்வது ஒன்றுதான்: வெளியே போய் நடங்கள்.

அப்படித்தான் ஒரு மாமியிடமும் சொன்னேன். நன்றாகத் தேறி, வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்திருந்தார். "தினமும் அரை மணி நேரம் நடங்க மாமி" என்றதும், "எங்கேம்மா நடக்கறது? நீயே கூட வந்து காட்டு" என்றார். கேலியாக அல்ல, நிஜமாகவே கேட்டார். கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

தெருவில் பிளாட்பாரம் இருந்தது. ஆனால் ஏறுவதற்கு ஒரு அடி உயரம். ஏறினால் நாலு எட்டில் மின்சாரப் பெட்டி. அதைச் சுற்றி இறங்கி மறுபடி ஏறினால், அடுத்த வீட்டுக் கார் ஏறுவதற்காகப் போட்ட சிமென்ட் சரிவு குறுக்கே நிற்கிறது. அதையும் தாண்டினால் வரிசையாக இரண்டு சக்கர வண்டிகள். "ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால்" என்று நான் சொல்லிக் கொடுத்ததை மாமி ஒவ்வொரு இடத்திலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறி இறங்கினார். கொஞ்ச நேரத்திலேயே களைத்துப்போய், பிளாட்பாரத்தை விட்டுவிட்டு ரோட்டில் இறங்கினோம். அங்கே ஓரம் முழுக்கக் கார்கள். கடைசியில் நடுரோட்டில்தான் நடந்தோம், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூட்டு மாற்றிக்கொண்டவர் விழுந்தால் அது சாதாரண விழுதல் இல்லை. செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு முறிந்தால் மறுபடி ஆபரேஷன் வரை போகலாம். அதைவிட நான் அதிகமாகப் பார்ப்பது வேறொன்று. விழுந்துவிடுவோம் என்ற பயத்திலேயே வெளியே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். கோயில், காய்கறிக் கடை, அயோத்தியா மண்டபத்தில் கச்சேரி எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகிறது. தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் விழும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. அதனால் பிளாட்பாரம் எனக்கு மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய விஷயம்.

பிளாட்பாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான அளவுகள் உண்டு. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து போகிற இடம். 15 சென்டிமீட்டர் என்பது ஒரு சாதாரண மாடிப்படியின் உயரம். அதை என் நோயாளிகள் ஏறிவிடுவார்கள். ஒரு அடியை ஏற முடியாது.

ஆனால் உண்மையான சிக்கல் பிளாட்பாரத்தில் இல்லை, காரில் இருக்கிறது. எங்கள் பகுதியில் பல தெருக்கள் 20 அடிதான். ஒரு கார் கிட்டத்தட்ட 6 அடி அகலம். இரண்டு பக்கமும் நிறுத்தினால் மிச்சம் 8 அடி. அந்த 8 அடிக்குள்தான் ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி, ஆட்டோ, ஆம்புலன்ஸ், மாமி எல்லோரும் போக வேண்டும். எண்பது, தொண்ணூறுகளில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் எட்டு குடும்பத்துக்கு நாலு கார் நிற்கத்தான் இடம் விட்டிருப்பார்கள். இன்று எட்டு குடும்பத்திடமும் கார் இருக்கிறது. ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும். தி.நகர் ஓரத்தில் அந்த அளவு நிலத்தின் விலை என்னவென்று நினைத்துப் பாருங்கள். அதைத் தெரு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, நடக்கிறவர்களிடமிருந்து எடுத்து. டோக்கியோவில் கார் பதிவு செய்ய, அதை நிறுத்த இடம் இருக்கிறது என்ற சான்றைக் காட்ட வேண்டும். ஜப்பானில் அந்தச் சட்டம் 1962லேயே வந்துவிட்டது. இங்கே உடனே அது நடக்காது என்று தெரியும். ஆனால் தெருவில் கார் நிறுத்துவது உரிமை இல்லை, ஒரு சலுகை என்று நாம் பேசத் தொடங்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? தி.நகர் பாண்டி பஜாரைப் பாருங்கள். 2019 நவம்பரில் அந்தச் சாலையில் பிளாட்பாரத்தை அகலமாக்கி, உட்கார பெஞ்சு போட்டுத் திறந்தார்கள். கார்களுக்குத் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது. கார் நிற்காவிட்டால் வியாபாரம் போய்விடும் என்ற பேச்சு அப்போது நிறைய இருந்தது. மாலையில் போய்ப் பாருங்கள், நடக்கிற கூட்டத்துக்குக் குறைவில்லை. தேறிவருகிறவர்களை நான் அங்கே அனுப்புகிறேன். ஆனால் துரைசாமி சுரங்கப்பாதை வழியாக ஆட்டோ பிடித்துப் போய் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த அகலமும் அந்தச் சமதளமும் நம் வீட்டு வாசலிலேயே வேண்டும். மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரம் சென்னை. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பணம் எங்கள் மாதிரி உள்தெருக்களுக்கும் வர வேண்டும்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 முதல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றின் தளம் தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ஏறினால் 25தான், நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கம் சாய்ந்து கொடுத்தால் அதைவிடக் குறைவு. கைத்தடியோடு ஏறிவிடலாம். ஆனால் பஸ் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோவும் காரும் நின்றால் பஸ் நடுரோட்டில் நிற்கும். அப்போது மறுபடி முழு 40ஐயும் ஏற வேண்டும், ஏறுவதற்குள் இடது பக்கம் ஒரு பைக் நுழைந்துவிடும். கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய வசதியை, ஐந்து நிமிடத்துக்காக நிறுத்திய ஒரு வண்டி இல்லாமல் செய்துவிடுகிறது.

சிக்னலில் சாலையைக் கடக்கக் கொடுக்கும் நேரமும் அப்படித்தான். ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று பொதுவாகக் கணக்குப் போடுகிறார்கள். 12 மீட்டர் சாலைக்கு 10 விநாடி. ஆபரேஷன் முடிந்து ஓரிரு மாதமான பலர் 0.6 மீட்டர்தான் நடப்பார்கள். அவர்களுக்கு 20 விநாடி வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒன்று. 2023 நவம்பர் முதல் சென்னையில் குடியிருப்புப் பகுதிகளில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். இது பலருக்குத் தெரியவே தெரியாது. நான் பார்க்கிறவர்களிடமும் அவர்களுடைய பேரன்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் கேட்க மூன்று விஷயங்களை எழுதி வைத்திருக்கிறேன். தெருமுனைகளில் வண்டி நிறுத்துவதைத் தடுக்க மஞ்சள் கோடு வேண்டும். முனையில் கார் நின்றால் திரும்புகிறவருக்கும் கடக்கிறவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, அங்கே நிறுத்தக் கூடாது என்று 2017 ஓட்டுநர் விதிகளே சொல்கின்றன. அடுத்தது, இரவில் காலியாகக் கிடக்கும் பள்ளி மைதானங்களையும் கல்யாண மண்டப வளாகங்களையும் மாத வாடகைக்குக் கார் நிறுத்தத் திறந்துவிட வேண்டும், வரும் பணத்தில் அந்தந்தத் தெருவின் பிளாட்பாரத்தைச் சீராக்க வேண்டும். இது நடந்தால்தான் தெருவின் ஒரு பக்கமாவது காலியாகும். மூன்றாவது, சரிவுகள் பிளாட்பாரத்தை வெட்டாமல் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே முடிய வேண்டும். மாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் எந்த மாடியில் நடக்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.