அபராதம் செலவுக் கணக்கில் வருமா?

கிருஷ்ணகிரியில் கிரானைட் லாரிகள் ஓட்டும் மாமா (அக்கா வீட்டுக்காரர்) நேற்று ஆடிட்டரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். அதிக பாரத்துக்குக் கட்டிய அபராதத்தைச் செலவில் சேர்க்க ஆடிட்டர் மறுத்துவிட்டாராம். “டீசல் செலவு, டயர் செலவு, இது மட்டும் செலவில்லையா?” என்கிறார். அடிப்படை அபராதமே 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. வலிக்கத்தான் செய்யும்.

ஆனாலும் நான் ஆடிட்டர் பக்கம். (அக்கா, இதை அவரிடம் காட்டிவிடாதே.) சட்டத்தை மீறியதற்குக் கட்டும் தண்டம் வியாபாரச் செலவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே சொல்லிவிட்டது. வருமான வரிச் சட்டத்தின் 37ஆம் பிரிவிலும் பிறகு இது விளக்கமாகவே சேர்க்கப்பட்டது. அபராதத்தைச் செலவாக வருமானத்திலிருந்து கழிக்க அனுமதித்தால் என்ன ஆகும்? 30 சதவீத வரி கட்டுபவரின் 20,000 ரூபாய் அபராதத்தில் 6,000 ரூபாய் வரியாக மிச்சமாகும். அந்த லாரி பெயர்த்த சாலையில் இடுப்பு ஒடியப் போகிற நாம்தான் அதையும் சுமக்க வேண்டும்!

மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் நண்பரின் கதை வேறு. சரக்கு தாமதமானதற்காக வாங்கியவர் பிடித்துக்கொண்ட தொகையை அவர் கழித்துக்கொள்ளலாம். அது ஒப்பந்தப்படி தரும் இழப்பீடு, குற்றமல்ல. இதைச் சொன்னதும் மாமா, “அப்படியானால் நானும் மாங்கூழே ஏற்றுகிறேன்” என்று எழுந்து போய்விட்டார்.