இரண்டு இட்லி போதும் என்றிருந்த நாட்கள்

2025 ஜனவரி 6, திங்கள்

காலையில் 74.2 கிலோ. உயரம் 158 செ.மீ., வயது 39. போன மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. என் தாளில், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டுகிற பி.எம்.ஐ. 29.7 என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார்கள். நம்மவர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல்பருமன் என்றார் டாக்டர். அப்பாவுக்கு 44 வயதில் சர்க்கரை வந்தது. அதனால் குறைத்தே ஆகவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

போனில் ஒரு செயலி ஏற்றினேன். வாரத்துக்கு எத்தனை கிலோ குறைய வேண்டும் என்று கேட்டது. இருந்ததிலேயே பெரிய எண்ணைத் தொட்டேன். ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று வந்தது. 1,200 நல்லதென்றால் அதற்கும் கீழே நின்றால் இன்னும் நல்லதுதானே?

இன்று: காலை ஒரு ஆப்பிள், பால் விடாத டீ. மதியம் எண்ணெய் போடாத சப்பாத்தி இரண்டு, கீரைப் பொரியல். சாயங்காலம் நீர்மோர். இரவு இரண்டு இட்லி, சட்னி தொடவில்லை. மொத்தம் 680. பத்தொன்பது வருடமாக மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். நாள் முடிவில் செலவு குறைந்திருந்தால் மனதுக்குள் ஒரு நிறைவு வருமே, அது வந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அம்மா வாசலில் பானை வைத்தாள். பொங்கி வழிந்ததும் பாப்பா குலவை போட்டாள். நான் ஒரு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கலை உள்ளங்கையில் வாங்கி நக்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

“நோம்பியும் அதுவுமா இப்படியா அம்மிணி?” என்றாள் அம்மா. ஆனால் சாயங்காலம் வந்த பெரியம்மாவிடம், “எங்க அம்மிணி வைராக்கியக்காரி. நேத்திருந்து பச்சத்தண்ணி மாதிரி டீயைக் குடிச்சுட்டே கெடக்கறா” என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கும் அது இனித்தது. அம்மா எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவள். பசி தாங்குவது ஒரு குணம் என்றுதான் அவளும் வளர்ந்தாள், நானும் வளர்ந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

70.6. இரண்டு வாரத்தில் 3.6 கிலோ! ஆபீசில் ஸ்டோர்ஸ் அக்கா முதற்கொண்டு கேட்டுவிட்டார்கள்.

பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்கிறார்கள். 3.6 கிலோவுக்கு 27,720. பதினான்கு நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,980. எதையுமே சாப்பிடாமல் கிடந்திருந்தாலும் எனக்கு இவ்வளவு பற்றாக்குறை வராதே. எங்கேயோ இடிக்கிறது. ஆனால் லாபம் காட்டுகிற கணக்கில் யார் தவறு தேடுவார்கள்? விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொழுந்தனார் மனைவிக்கு வளைகாப்பு. புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர், கற்கண்டு, சர்க்கரைப் பொங்கல் என்று ஏழு வகைச் சாதம். பந்தியில் உட்கார்ந்தால் கட்டாயப்படுத்துவார்கள் என்று பரிமாறுகிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன்.

தேங்காய்ச் சாத வாளியோடு வரிசையில் போனேன். தாளித்த கடலைப்பருப்பு, கருவேப்பிலை, நெய்யில் வறுத்த முந்திரி. ஒவ்வொரு இலையிலும் கரண்டி கவிழ்க்கும்போது அந்த வாசனை முகத்தில் அடித்தது. மூன்றாவது பந்தியில் ஒரு குழந்தை பாதிச் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தது. அந்த இலையை மடிக்காமல் நான் நின்றுகொண்டே இருந்தேன். அதில் எட்டு முந்திரி இருந்தது. எட்டு என்று இப்போதும் நினைவிருக்கிறது. சுற்றிப் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை. மடித்துவிட்டேன். மடித்த பிறகு கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்து நீர்மோர். 590-ல் நாள் முடிந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய், இரவு 1.10

தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டு சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிச்சுப் போட்ட பள்ளிபாளையம் சிக்கன், ஒப்புட்டு, சந்தகை. இதற்கு முன் நான் சமையல் வீடியோ பார்த்ததே இல்லை. இப்போது தினமும் இரண்டு மணி நேரம். செய்முறையை ஒரு நோட்டில் எழுதியும் வைக்கிறேன். பாப்பாவுக்கும் அவருக்கும் விதவிதமாகச் செய்துபோட்டுவிட்டு, அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு உட்காருகிறேன். “ஏம்மா முறைக்கற?” என்று பாப்பா கேட்டாள்.

68.3. பத்து நாளாக அசையவில்லை. எல்லோரும் மின்விசிறி போடுகிறார்கள், நான் கம்பளி போர்த்திக்கொள்கிறேன். இந்த மாதம் வரவேண்டியது வரவில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன், அதுவும் இல்லை.

எனக்குள் இவ்வளவு பேராசை இருந்திருக்கிறதா என்று வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

எழுதவேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

நேற்று இரவு எல்லோரும் தூங்கியபின் சமையலறை விளக்கைப் போடாமல் முறுக்கு டின்னைத் திறந்தேன். ஒன்று என்று எடுத்தேன். டின் காலியானது. பிறகு அச்சுவெல்லம், அதற்குப்பிறகு மீந்த சாதத்தில் வெறும் ஊறுகாய். வயிறு வலித்தும் கை நிற்கவில்லை. ருசியே தெரியவில்லை. சத்தம் கேட்காமல் முறுக்கை உடைக்க, முந்தானைக்குள் வைத்து அமுக்கினேன்.

இதற்கு ஈடாக இன்று வெறும் 400.

மார்ச் 4, செவ்வாய்

ஒரு சப்ளையருக்கு 48,500 அனுப்பவேண்டியது. 84,500 அனுப்பியிருக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. முதலாளி திட்டவில்லை, “உடம்பு சரியில்லைங்களா?” என்றார். அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் காந்திபுரத்தில் பஸ் ஏற நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பூக்காரம்மா பிடித்து உட்காரவைத்து, தன் டீயைக் கையில் கொடுத்தார். பாலும் சர்க்கரையும் போட்ட டீ. குடித்தேன். இரண்டு நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது.

மார்ச் 6, வியாழன்

டாக்டரிடம் போனோம். வீட்டுக்காரரும் கூடவே வந்தார். ஹீமோகுளோபின் 10.1, பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. தைராய்டு சரியாக இருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே வலி உண்டா என்று டாக்டர் அழுத்திப் பார்த்தார். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு அதிகமாம். வலி இல்லை.

அங்கேயே இருந்த டயட்டீசியன் சின்னப் பெண், முப்பது இருக்கும். என் செயலியை வாங்கி ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தாள். முகம் மாறியது. ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, பெண்ணென்றால் இன்னும் 161 கழி. இன்றைய 67.8-க்கு 1,310 வந்தது.

“இது நீங்க நாள் முழுக்கப் படுத்தே கெடந்தாலும் இதயம், மூளை, ஈரல், கிட்னி ஓடறதுக்கு ஆகிற செலவுங்க்கா. ஆபீஸ், பஸ், சமையல் எல்லாம் சேத்தா 1,800. நீங்க குடுத்தது 680. எண்ணூறுக்குக் கீழ போறதெல்லாம் டாக்டர் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே செய்யறது.”

சாப்பிடாமல் இருந்தால் உடம்பு பட்டினி என்று நினைத்துக் கொழுப்பைச் சேர்த்துவைக்கும், அதனால்தான் நின்றுபோச்சா என்று கேட்டேன். ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

“அப்படி இல்லைங்க. கம்மியாச் சாப்பிட்டா எடை கொறையத்தான் செய்யும். எது கொறையுதுங்கறதுதான் கேள்வி. உங்க சாப்பாட்டுல புரதம் இருபது கிராம் தேறாது. சதையையும் கரைச்சிருப்பீங்க. தெம்பு இல்லாததால நீங்க அறியாமலே நடமாட்டம் கொறஞ்சிருக்கும். நடுவுல ஒரு ராத்திரி மொத்தமாச் சாப்பிட்டிருப்பீங்க.” நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். “உடம்புல நீரும் தங்கும். முள்ளு நிக்கறதுக்கு இதெல்லாம் போதும்.”

ஜனவரிக் கணக்கு இடித்ததற்கும் அவளிடம் பதில் இருந்தது. ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு உண்டு. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். முதலில் காலியாவது அந்த இருப்புத்தான். எல்லோரும் என்னைப் பாராட்டியதில் பெரும்பங்கு தண்ணீருக்கு.

மார்ச் 9, ஞாயிறு

டயட்டீசியன் போகிற போக்கில் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லியிருந்தாள். தேடிப் படித்தேன். படித்ததிலிருந்து வேறெதுவும் ஓடவில்லை.

1944 நவம்பரில் ஆரம்பம். போரில் ஆயுதம் எடுக்க மனசாட்சி இடம் தராதென்று மறுத்த 36 இளைஞர்கள், நல்ல ஆரோக்கியமானவர்கள், தாங்களாக முன்வந்தார்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடக்கும் மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க ஆன்சல் கீஸ் என்பவர் நடத்தினார். பல்கலைக்கழக விளையாட்டரங்கத்துக்கு அடியில் அவர்களைத் தங்கவைத்தார்கள். முதலில் தினம் 3,200 கலோரி. பிறகு 24 வாரம் 1,570 கலோரி அளவில்: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் கால்பங்கு குறைந்தது. அவர்கள் வளர்ந்த ஆண்பிள்ளைகள், நடையும் அதிகம், அதனால் என் 680-ஐ அந்த 1,570-ஓடு நேருக்கு நேர் வைக்கக்கூடாது. தெரியும்.

ஆனால் இதைப் படியுங்கள். கோடையிலும் அவர்களுக்குக் குளிர்ந்தது, போர்வை கேட்டார்கள். தலை சுற்றியது. முடி கொட்டியது. எரிச்சலும் சோர்வும் பிடித்தன. தட்டை நக்கினார்கள். கனவிலும் பேச்சிலும் சாப்பாடு. அதற்கு முன் அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்து, கதைப்புத்தகம் மாதிரி உட்கார்ந்து படித்தார்கள். சோதனை முடிந்து திரும்பச் சாப்பாடு கொடுத்தபோது, வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் சிலர் மேலும் மேலும் சாப்பிட்டார்கள்.

எழுந்துபோய் என் நோட்டை எடுத்துவந்தேன். நாற்பத்தியொரு பக்கம். பள்ளிபாளையம் சிக்கனில் வரமிளகாயை எப்படிக் கிள்ளிப்போடுவது என்பதற்குத் தனியாக ஒரு பக்கம். மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அது பேராசை இல்லை. எண்பது வருடத்துக்கு முன்னால் கடல் தாண்டி ஒரு கட்டடத்தில் 36 பேருக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது. அதற்குப் பெயர் பசி. அந்த முறுக்கு டின்னுக்காக என்னையே எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

பத்து நாளாக 1,500. காலை மூன்று இட்லி, சாம்பார், அவித்த முட்டை ஒன்று. மதியம் ஒரு கப் சாதம், பச்சைப்பயறுக் கடைசல், பொரியல், தயிர். நாலரைக்குச் சுண்டல். இரவு சப்பாத்தி, கொள்ளு மசியல் அல்லது இன்னொரு முட்டை. புரதம் அறுபது கிராம் பக்கம் வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை. வாரம் மூன்று நாள் அரிசிப் பையைத் தூக்கி இறக்கச் சொல்லியிருக்கிறாள், ஐந்து கிலோ பை.

எடை 69.1. ஏறியிருக்கிறது, 1.3 கிலோ! போன இருப்பும் அதனோடு போன தண்ணீரும்தான் திரும்பி வரும், பயப்படாதீங்க என்று அவள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். தெரிந்தும் மதியச் சாதத்தைக் குறைத்துப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் வைத்தார். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சாப்பாடு ஒழுங்கான பிறகுதான் முடி கொட்டுகிறது. தலைக்குக் குளித்தால் தண்ணீர் போகிற சல்லடையில் எலுமிச்சம்பழ அளவு. போன் செய்து கேட்டேன். உடம்பு அதிர்ச்சி கண்டால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் என்றாள். இப்போது கொட்டுவது ஜனவரியில் நான் சாப்பிடாத சாப்பாடு. முளைக்கும், மாதக்கணக்காகும்.

மாதவிலக்கு வந்துவிட்டது. 68.4.

மே 11, ஞாயிறு

67.0. எட்டு வாரத்தில் 2.1 கிலோ. ஆபீசில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஹீமோகுளோபின் 11.4. நெற்றி ஓரத்தில் குட்டையாக, சீப்புக்கு அடங்காமல் முடி நிற்கிறது. பாப்பா தொட்டுப் பார்த்து, “குழந்தை முடி மாதிரி இருக்கும்மா” என்றாள்.

இன்று அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் நன்றாக வதக்கி, மேலே ஒரு ஸ்பூன் நெய். கூட நான்கு முட்டை வேகவைத்தேன். அம்மா வழக்கம்போல எல்லோரும் முடிக்கட்டும் என்று அடுப்போரம் நின்றாள். நான் என் தட்டோடு போய் அவளையும் உட்காரவைத்து, அவள் தட்டில் சாதமும் இரண்டு முட்டையும் வைத்தேன்.

“ஒண்ணு போதும் அம்மிணி. பாப்பாவுக்கு வெச்சுரு.”

“பாப்பாவுக்கு இருக்குதும்மா. இது உனக்கு.”

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முட்டையை இரண்டாகப் பிட்டு, மிளகுத்தூள் எங்கே என்று கேட்டாள்.