ஊர் நேரம் காட்டும் சூரியக் கடிகாரம்

புது நாட்டில் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் எடுத்தது உச்சிவேளை. கோடையில் கைபேசி மணி 12 என்று காட்டும், சூரியன் இன்னும் கிழக்கே சரிந்துதான் நிற்கும். இந்த நாட்டு நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகைக்கு 5 டிகிரி மேற்கே இருக்கிறோம். டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 20 நிமிடத் தாமதம், அதோடு கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள், ஆக ஜூன் நடுவில் சூரியன் உச்சிக்கு வரவே 1:20 ஆகிவிடுகிறது.

அதனால்தான் சொந்தமாக ஒரு சூரியக் கடிகாரம் செய்தேன். வட்டத் தகடு, நடுவில் ஒரு கம்பி. கம்பி துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும், தரையோடு அது நிற்கும் கோணம்தான் அந்த இடத்தின் அட்சரேகை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் கம்பி ஏறக்குறைய படுத்தே கிடக்கும், இங்கே 50 டிகிரியில் நிமிர்ந்து நிற்கிறது. தகடு கம்பிக்குச் செங்குத்தாக இருப்பதால் மணிக்கோடுகள் எல்லாம் சமமாக 15 டிகிரி இடைவெளியில் விழும். திருகைத் தளர்த்தி, 12 என்ற குறியை மேற்குப் பக்கமாக 5 டிகிரி திருப்பினால் நாட்டு நேரம் வந்துவிடும் (கோடைக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ளலாம்). தரையில் கிடத்தி வைக்கும் கடிகாரத்தில் கோடுகள் சமமில்லை, திருப்பிப் பயனில்லை, புதிதாக வரையத்தான் வேண்டும்.

அப்புறம் விளிம்பில் 24 மணிக்கும் குறிபோட்ட இன்னொரு வளையம், ஊர் நேரத்துக்கு. ஊர் இங்கிருந்து 85 டிகிரி கிழக்கே, அதாவது 5 மணி 40 நிமிடம் முன்னால். வளையத்தை அந்த அளவு தள்ளி வைத்தால் ஒரே நிழல் இரண்டு நேரத்தையும் சொல்கிறது. இங்கே சூரியன் உச்சியில் நிற்கும்போது ஊரில் 5:40, பொழுது சாயும் நேரம். அதற்குப் பிறகும் நிழல் 7, 8, 9 என்று போய்க்கொண்டே இருக்கும், அங்கே நிழலே விழாத மணிகள் அவை. இங்கத்திய வெயிலில் ஊரின் ராத்திரியைப் படிக்க முடிவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது என்பதால் நவம்பர் தொடக்கத்தில் நிழல் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். இந்தத் திருத்தம் எந்தத் தீர்க்கரேகையிலும் ஒன்றுதான், நாடு மாறினாலும் பழைய அட்டவணையே போதும். செப்டம்பர் கடைசியில் மட்டும் ஒரு வேலை உண்டு: நிழல் தகட்டின் அடிப்பக்கத்துக்குப் போய்விடும், அதனால் கம்பி கீழேயும் நீண்டிருக்க வேண்டும், அங்கேயும் கோடுகள் வேண்டும், எண்கள் எதிர்த்திசையில் ஓட வேண்டும்.