மலை மட்டும் மசமசப்பு: ஹீலியோஸ் லென்ஸோடு மூன்று வாரம்

மூன்று வாரமாக என் படங்களில் சூரியகாந்தி இருக்கிறது, வரப்பு இருக்கிறது, பின்னால் நிற்கிற மலை மட்டும் நனைந்த சோப்பு மாதிரி கரைந்து கிடக்கிறது. நேற்றுக் காலைதான் முதல்முறையாக மலை மடிப்பு மடிப்பாக விழுந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். பீற்றல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா பாடி கேனான் 200டி. லென்ஸ், புனலூரில் ஸ்டூடியோவை மூடிவிட்ட ஒருவரிடம் வாங்கிய ஹீலியோஸ் 44-2. சோவியத் காலத்துச் சரக்கு, 58 எம்எம், எஃப் 2 (எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் நுழையும் துளை பெரிசு, தெளிவாக விழும் ஆழம் குறைவு), கேமராவில் திருகி மாட்டுகிற எம்42 மவுண்ட். 200டியின் சென்சார் சின்னது, அந்த 1.6 க்ராப்பில் 93 எம்எம் மாதிரி நிற்கும். லேண்ட்ஸ்கேப்புக்கு இதையா என்று கேட்டவர்கள் செங்கோட்டைப் பக்கம் ஒருநாள் வரட்டும். சுந்தரபாண்டியபுரம் வயலில் அகலமாகப் பிடிக்கிற 10-18 எம்எம் லென்ஸை 10இல் வைத்தால் பூ பூசணிக்காயாக ஊதுகிறது, மலை பென்சில் கோடாகிவிடுகிறது. பின்னால் தள்ளி வந்து நீள லென்ஸில் பார்த்தால்தான் பூவுக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும்.

இன்னொன்று. முற்றிய சூரியகாந்தி கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். நமக்கு மலை மேற்கே. காலை ஏழு மணிக்கு மலையைப் பார்த்து நின்றால் பூ நம் முகத்தைப் பார்க்கும், வெயில் நம் முதுகில். சாயங்காலம் வண்டி வண்டியாக வந்து, கறுத்த பூவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

சரி, மலை விஷயம். முதலில் சாரல் மூட்டம் என்று நினைத்தேன். அப்புறம் என் கண். ஃபோகஸ் வளையத்தை, முடிவில்லாத தூரத்தைக் குறிக்கிற படுத்த எட்டுவரை முழுசாகத் திருகினாலும் இருபது மீட்டரில் நிற்கிற வேம்பு பளிச்சென்று இருக்கும், அதைத் தாண்டினால் எல்லாம் மொழுக்கென்று. எஃப் 8இல் கணக்குப்படி மலையும் தெளிவுக்குள் வரவேண்டும். 24 மெகாபிக்சலைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய். கணவாய்க் காற்றில் பூ ஆடுகிறபோது ஷட்டரை 1/500க்குக் கீழே இறக்க முடியாது. மேகம் வந்தால் எஃப் 4க்கு வந்துதான் ஆகவேண்டும், அப்போது மலை போயே போச்சு.

லேத் பட்டறையில் வெர்னியர் அளவுகோல் வாங்கி அடாப்டரை, அதாவது இந்த லென்ஸைக் கேனானில் மாட்ட நடுவில் போடுகிற வளையத்தை, அளந்தேன். எம்42க்கு மவுண்டிலிருந்து சென்சார்வரை 45.46 எம்எம், கேனானுக்கு 44. ஆக அடாப்டர் தடிமன் 1.46 இருக்கணும். எனக்கு ஆன்லைனில் வந்தது 1.62! வெறும் 0.16 எம்எம் கூடுதல். அவ்வளவு தூரம் லென்ஸ் முன்னால் தள்ளி நிற்பதால் ஃபோகஸ் தொலைவுக்கு எட்டாமல் பாதியில் நின்றுவிடும். எங்கே நிற்கும் என்று 58ஐ 58ஆல் பெருக்கி 0.16ஆல் வகுத்துப் பாருங்கள், 21,025 எம்எம், அதாவது 21 மீட்டர் வருகிறது. வேப்பமரம் சொன்னதும் அதுதான்.

இங்கேதான் புத்தி கெட்டது. கண்ணாடித் துண்டில் எமரித் தாளை ஒட்டி அடாப்டரைத் தேய்த்தேன். விரல் அழுத்தம் ஒரு பக்கம் கூடிவிட்டது. படத்தின் இடது பாதி கூர்மை, வலது பாதி குழைந்த சோறு. அடாப்டர் குப்பைக்குப் போனது. வேறொரு கடையில் வாங்கியது 1.56. இப்போது 33 மீட்டர். முன்னேற்றம்தான், ஆனால் மலை 33 மீட்டரிலா இருக்கிறது?

மிச்ச வழி லென்ஸிலேயே இருக்கிறது. ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி எறும்புத் தலையளவில் மூன்று திருகு. என்னிடமிருந்த எந்த ஸ்க்ரூடிரைவரும் அதில் உட்காரவில்லை. தென்காசியில் வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"இது வாட்ச்சு இல்லியே அண்ணாச்சி..."

"திருகுக்கு அதெல்லாம் தெரியுமா? கொண்டா. முழுசாக் கழட்டிராத தம்பி, விழுந்துச்சுன்னா கடையவே தூத்துதான் எடுக்கணும்."

மூன்றையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்தினார். கடன் வாங்கிய டிரைவரோடு மொட்டை மாடிக்கு வந்து, இருட்டினதும் தூரத்துச் செல்போன் டவரின் சிவப்பு விளக்கை கேமராத் திரையில், லைவ் வியூவில், பத்து மடங்கு பெரிதாக்கினேன். திருகு தளர்ந்தால் வளையம் சும்மா சுற்றும். முன்பக்கப் பீப்பாயைப் பிடித்துத் திருப்பினால்தான் கண்ணாடி நகரும். விளக்கு மிகச் சின்னப் புள்ளியாகச் சுருங்குகிற இடத்தில் நிறுத்தி, வளையத்தைப் படுத்த எட்டில் வைத்து இறுக்கவேண்டும். இறுக்கும்போது மயிரிழை நகர்ந்துவிடும். ஒன்றை முழுசாக இறுக்காமல் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஏழாவது முறைதான் நின்றது.

அதே ராத்திரி பரோட்டாக் கடையில் எஃப் 2இல் சோதித்தேன். ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 1600. அதற்கு மேல் வேகம் போனால் மலிவான எல்இடி வெளிச்சம் படத்தில் பட்டை பட்டையாக விழுகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கிறதே. இரண்டு மீட்டர் தூரத்தில் தெளிவு மொத்தமே ஒன்பது சென்டிமீட்டர். மாஸ்டர் கை பளிச், முகம் புகை. ஆட்டோஃபோகஸ் இல்லாமல் வீசுகிற கையைப் பிடிக்க பத்தில் ஒன்று தேறினால் பெரிசு. அந்த வேலைக்கு ஒழுங்காக 50 எம்எம் எஃப் 1.8 வாங்கியிருக்கலாம்.

கடைத்தெருவுக்கு இந்த 58 ஆகாது. செங்கோட்டைச் சந்தையில் ஒரு முகம் எடுக்கப் பின்னால் போனால் வாழைத்தார் முதுகில் இடிக்கும். அங்கே தட்டையான 24 எம்எம் பான்கேக் லென்ஸ்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சாரல் சீசனில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் பயம் வேறு. அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போட்டு ஈரப்பதத்தை 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன்.

அடுத்து கேரளப் பக்கம் கழுதுருட்டியில் பதிமூணு கண்ணறைப் பாலம், பதிமூணு வளைவு வைத்த ரயில் பாலம். ரோட்டோரத்திலேயே நிற்பதால் 10-18தான் எடுத்துப்போகணும். இதற்கிடையே மூன்றாவது திருகின் தலை வழுக்கிவிட்டது. அடாப்டர் இனி மாறினால் அதைக் கழற்ற முடியாது. அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை, டிரைவரும் என்னிடம்தான் இருக்கிறது.